தலையில்லாதவன் ஊரில் அம்மாவோடு ஒரு சனிக்கிழமை

"சனிக்கிழமையும் அதுவுமா யாராவது சுடுகாட்டுக்கு வேடிக்கை பாக்கப் போவாங்களாட்டி?"

காரில் ஏறும்போது அம்மா கேட்டாள். சனிப் பிணம் தனிப் போகாது என்று சொல்லி வளர்ந்தவள். ஊர் வள்ளியூர் பக்கம். ஆறு மாதம் எங்களோடு நியூ ஜெர்சியில் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் தலையில்லாத குதிரைக்காரன் கதையைப் படித்ததிலிருந்து அந்தக் கதை நடக்கும் ஊரான ஸ்லீப்பி ஹாலோவுக்குப் போகணும், போகணும் என்று ஒரு வருடமாக நச்சரிப்பு. ஆச்சியும் வந்தால்தான் போவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் அம்மா கிளம்பினாள்.

அதற்கு முந்தைய வருடம் ஒருமுறை போய் ஏமாந்து திரும்பியிருந்தோம். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஹாலோவீன் சமயத்தில் அந்தச் சின்ன ஊருக்குள் நுழைய ஒரு மணி நேரம், காரை நிறுத்த இடம் தேடி இன்னும் முக்கால் மணி நேரம். நடந்து கல்லறைத் தோட்ட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். அங்கே மாலை நாலரைக்கே கதவடைப்பு. இரவில் லாந்தர் விளக்கோடு கூட்டிப்போகும் நடைக்குச் சீட்டு எல்லாம் எப்போதோ விற்றுத் தீர்ந்திருந்தது. மகள் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: ஹாலோவீன் கொண்டாட்டம்தான் வேண்டும் என்றால் அக்டோபரில் போங்கள், சீட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு. கல்லறைகளைப் பார்க்க வேண்டும், கதையைக் கேட்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியில் காலை நேரம்தான் சரி. இரண்டாவது முறை அப்படித்தான் போனோம். மரியோ குவோமோ பாலத்தில் ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் டாரிடவுன், அதை ஒட்டி வடக்கே ஸ்லீப்பி ஹாலோ. கார் இல்லாதவர்கள் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ஹட்சன் வழித்தட ரயிலில் வரலாம். போகும்போது இடப்பக்க இருக்கையில் உட்காருங்கள், வழி நெடுக ஆறு கூடவே வரும்.

அந்த ஊர் பேயைத் தன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்பு அதன் பெயர் வடக்கு டாரிடவுன். ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1996-இல் மூடியது. அதே வருடம் ஊர் மக்கள் வாக்களித்து, கதையில் வரும் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிக்குப் பெயர் 'குதிரைவீரர்கள்'. ஒரு பேய் இப்படி ஊரைத் தாங்கிப் பிடித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பழைய டச்சு தேவாலயம் ரொம்பச் சின்னது. கூட்டிக் கழித்தால் எங்கள் ஊர் அம்மன் கோயில் அளவுதான் இருக்கும். 1600களின் கடைசியில், இந்த நிலமெல்லாம் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகு, ஃபிரெட்ரிக் ஃபிலிப்ஸ் என்ற டச்சுக்காரர் கட்டியது. அமெரிக்காவுக்குத் தச்சராக வந்து, வியாபாரத்தில் பெருத்து, 1693-இல் அரச சாசனத்தோடு இந்தப் பகுதிக்கே பண்ணையார் ஆனவர். கருங்கல்லும் செங்கல்லும் கலந்த தடித்த சுவர். மேலே சின்ன மணிக்கூண்டு. அதிலிருக்கும் மணி 1685-இல் வார்த்தது. 'கடவுள் நம் பக்கம் இருந்தால் நமக்கு எதிராக நிற்பவர் யார்' என்ற வேத வசனம் லத்தீனில் அதில் பொறித்திருக்கிறது. இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

தேவாலயத்தைச் சுற்றிப் பழைய கல்லறை முற்றம். அதை ஒட்டி மேட்டில் ஏறிப் போவது ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டம், அது 1849-இல் வந்த தனி இடம், சுமார் 90 ஏக்கர். இரண்டுக்கும் நடுவில் வேலி எதுவும் தெரியாது, ஒன்றென்றே தோன்றும். பெரிய தோட்டத்தில் ஆண்ட்ரூ கார்னகி, வால்டர் கிரைஸ்லர் போன்ற பணக்காரர்களின் கல்லறைகள் இருப்பதால் பலர் வரைபடத்தை வாங்கிக்கொண்டு நேரே அங்கே போய்விடுகிறார்கள். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடுங்கள். கதை பிறந்தது கீழே இருக்கும் சின்ன முற்றத்தில்.

அந்த முற்றத்தின் பழைய கற்கள் பெரும்பாலும் செந்நிற மணற்கல். சிலவற்றில் டச்சு மொழியில் 'இங்கே உடல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது' என்று தொடங்கும் வாசகம், பக்கத்துக் கல்லில் ஆங்கிலம். ஒரே குடும்பத்தில் தாத்தா கல் டச்சு, பேரன் கல் ஆங்கிலம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபோது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கல்லின் தலைமாட்டில் எல்லாம் ஒரு முகம், அதன் இரண்டு பக்கமும் சிறகு. உயிர் பறந்து போவதன் அடையாளம். இவற்றில் பலவற்றைச் செதுக்கிய சாலமன் புரூவர் இதே வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒவ்வொரு முகமும் வேறு வேறு. ஒன்றுக்கு உருண்டைக் கன்னம், ஒன்றுக்குச் சுருள் முடி, ஒன்று தூங்கி எழுந்தது போல. என் மகள் பத்துப் பதினைந்து கல் பார்த்தபிறகு சொன்னாள்: "அம்மா, இங்கே எல்லாருக்கும் தலை மட்டும்தான் இருக்கு. அவனுக்கு மட்டும் உடம்பு இருக்கு, தலை இல்லை."

எனக்குச் சிலிர்த்தது. அந்த ஊரைப் பற்றி நான் படித்தது எதிலும் இதை யாரும் சொல்லவில்லை.

கற்களைப் படிப்பது பற்றி இங்கேயே சொல்கிறேன். உச்சி வெயிலில் எழுத்து தெரியவே தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் சாயும்போதுதான் எழுத்து எழுந்து நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள். வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், ஒன்றுமே இல்லாதது போல் இருந்த கல்லில் வருடமும் பெயரும் வந்துவிடும். அம்மாவின் கைப்பையில் இருந்த கண்ணாடியை வைத்துத்தான் அன்று முக்கால்வாசிக் கல்லைப் படித்தோம். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கவே கூடாது. மணற்கல் அடுக்கடுக்காக உரியும், வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே பொள்ளலாக இருக்கும், ஒரு தேய்ப்பில் 250 வருடத்து முகம் கையோடு வந்துவிடும். மாவு தடவுவது, சவர நுரை பூசுவது இதையெல்லாம் இணையத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்லில் சாயாதீர்கள், பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். இன்னொன்று, புல்லுக்குள் நடப்பதால் உண்ணி ஏறும். ஹட்சன் பக்கத்து உண்ணியால் லைம் நோய் வரும், சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுக்கால் சட்டை, காலுறை போட்டு வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் பார்த்துவிடுங்கள்.

கதைக்கு வருகிறேன். வாஷிங்டன் இர்விங் 1798-இல், பதினைந்து வயதில், நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர். கேட்ட கதைகளையும் பார்த்த பெயர்களையும் மனசில் வைத்திருந்து, இருபது வருடம் கழித்து இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதினார். கதை 1820-இல் வந்தது. அதில் வரும் பேய், அமெரிக்கச் சுதந்திரப் போரில் பீரங்கிக் குண்டுக்குத் தலையைப் பறிகொடுத்த ஒரு ஹெஸ்ஸிய வீரன். உடல் இந்தத் தேவாலய முற்றத்தில். ராத்திரியானால் எழுந்து, சண்டை நடந்த இடத்துக்குத் தலையைத் தேடிக் குதிரையில் போவான், விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

ஹெஸ்ஸியர் என்றால் ஜெர்மனியின் ஹெஸ்ஸ பகுதிச் சிப்பாய்கள். ஆங்கிலேயருக்காகச் சண்டை போட அவர்கள் ஊர் மன்னர் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியவர்கள். கூலிப்படை என்று அவர்களைச் சொல்கிறோம், பெரும்பணம் போனது மன்னருக்கு. 1776 அக்டோபர் 28-இல் பக்கத்து வொயிட் பிளெயின்ஸில் பெரிய சண்டை நடந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, அமெரிக்கப் பீரங்கிக் குண்டு ஒன்று ஒரு ஹெஸ்ஸிய பீரங்கி வீரனின் தலையைக் கொண்டுபோனதாகத் தளபதி வில்லியம் ஹீத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பெயர் இல்லை. ஒரே ஒரு வரி. ஊர்க்காரர்கள் சொல்வது இன்னும் கொஞ்சம் நீளம்: யாரோ ஒரு ஹெஸ்ஸியன் வான் டாஸல் குடும்பத்துக் குழந்தையைத் தீயிலிருந்து காப்பாற்றினானாம், அந்த நன்றிக்கு அந்தக் குடும்பம் தலையில்லாத உடலை எடுத்து இங்கே புதைத்ததாம். அடையாளக் கல் கிடையாது.

தேவாலயத்துக்குள் இருந்த தன்னார்வலரான ஒரு பெரியவர் இதையெல்லாம் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவனுக்குத் திதி யாரு குடுத்தா?"

பெரியவருக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் தடுமாறினேன். பிரார்த்தனை செய்தார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அம்மா ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் அகாலமாக, அநியாயமாகச் செத்தவர்களை அப்படியே விடமாட்டார்கள். ஒரு பீடம் கட்டி, வருடம் ஒரு கொடை கொடுத்து, பிடித்ததைப் படைத்து, கதையை வில்லில் பாடி அமைதிப்படுத்துவார்கள். சாதி, மதம்கூடப் பார்த்ததில்லை. 1809-இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கல்லறையில் திருநெல்வேலிச் சீமை மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டதைக் கால்டுவெல் எழுதியிருக்கிறார். தன் ஊரிலிருந்து எங்கோ தூரத்தில் வந்து செத்தவன், அவனைப் பட்டினி போடக்கூடாது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஹெஸ்ஸியன் 250 வருடமாகப் பட்டினி.

முற்றத்தின் வடபக்கம் ஹல்டா என்ற பெண்ணுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. சமீப வருடங்களில் வைத்தது. பொஹீமியாவிலிருந்து வந்து காட்டோரம் தனியாகக் குடியிருந்தவள், மூலிகை தெரிந்தவள் என்பது கதை. சூனியக்காரி என்று ஒதுக்கிவைத்த ஊர்க்காரர்கள், நோய் வந்தால் அவள் வாசலில் வைத்த மருந்தை எடுத்துக்கொண்டார்களாம். 1777-இல் ஆங்கிலேயப் படை வந்தபோது துப்பாக்கி எடுத்து ஊருக்காகச் சண்டை போட்டுச் செத்தாளாம். அதன்பிறகுதான் தேவாலய மண்ணில் இடம் கொடுத்தார்கள், கல் இல்லாமல். "பிள்ள பெறதுக்கு மட்டும் மருத்துவச்சி வேணும், பந்தியில பக்கத்துல உக்காரக் கூடாது" என்றாள் அம்மா. அந்தக் கல்லின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

குதிரைக்காரன் துரத்தும் பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதையில் வரும் மரப்பாலம் இப்போது இல்லை. பொகான்டிகோ ஓடை மேல் போகும் பெரிய சாலையில் இருப்பது சாதாரண வாகனப் பாலம். பெரிய தோட்டத்துக்குள் அழகான ஒரு மரப்பாலம் இருக்கிறது, எல்லாரும் அதுதான் இது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அது பிற்காலத்தில் கட்டியது. அங்கே நின்று ஓடைச் சத்தத்தைக் கேட்க நன்றாக இருக்கும், அதற்காகப் போகலாம்.

மேட்டில் இர்விங்கின் கல்லறை. 1859-இல் இறந்தவர். பெயரும் தேதியும் மட்டும் உள்ள எளிய கல், கீழே பார்த்தால் தேவாலயக் கூரை தெரியும். அதைத் தாண்டி உள்ளே போனால் 'வெண்கலப் பெண்மணி'. 1903-இல் இறந்த ஜெனரல் சாமுவேல் தாமஸின் கல்லறை மண்டபத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெரிய சிலை, செய்தவர் ஆண்ட்ரூ ஓகானர். முக்காடு போட்ட, சோகத்தில் அமர்ந்த பெண். ராத்திரியில் அழுவாள் என்று கதை. மண்டபக் கதவைத் தட்டிச் சாவித்துவாரத்தில் பார்த்தால் கெட்ட கனவு வரும், அவளை அறைந்தவனை வாழ்நாளெல்லாம் விடமாட்டாள் என்று பள்ளிப் பிள்ளைகள் சவால் விட்டுக்கொள்வார்களாம்.

மகள் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். "ஏட்டி, அவளே அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா." பேய்க்குப் பயந்து பிடிக்கவில்லை, துக்க வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது என்று பிடித்தாள். சிலையின் மடியில் யாரோ வைத்த சில்லறைக் காசுகள் கிடந்தன. அம்மா அதன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பேய்க்கதை உள்ள இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். கதையை முழுசாகச் சொல்லுங்கள், பயமுறுத்துங்கள்கூட. ஆனால் யாருடைய துக்கம் அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இறங்கி வரும்போது அம்மா கேட்டாள்: "கல்லு இருக்கவன் ஒருத்தன்கூட பேயா வரலியே, கவனிச்சியா? கல்லு இல்லாதவங்கதான் அலையுதாங்க. சரி, இந்தக் கோயிலக் கட்டுனவங்களுக்கு எங்க கல்லு?"

நான் ஃபிலிப்ஸைக் கேட்கிறாளோ என்று நினைத்து, அவர் தேவாலயத்துக்கு அடியில் இருக்கிறார் என்றேன். "அவரில்லட்டி, கல்லு சொமந்தவங்க."

இங்கேதான் அந்த 1685-க்கு வர வேண்டும். மணி வார்த்த அதே வருடம் ஃபிலிப்ஸ் தன் சொந்தக் கப்பலில் அங்கோலாவிலிருந்து மனிதர்களை அடிமைகளாக நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். தேவாலயத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால், அவருடைய பண்ணை வீடு இன்றும் இருக்கிறது, பக்கத்தில் பழையபடி திரும்பக் கட்டிய நீர்ச்சக்கர மாவு ஆலையும். ஃபிலிப்ஸ்பர்க் மேனர் என்று பெயர், இப்போது அருங்காட்சியகம். தேவாலயத்தையும் அணையையும் பற்றி ஊரில் ஒரு பழங்கதை உண்டு. ஃபிலிப்ஸ் தேவாலய வேலையைப் பாதியில் விட்டு அணையைக் கட்டப் போனாராம், வெள்ளம் வந்து அணை அடித்துக்கொண்டே போனதாம். முதலில் கடவுளின் வீட்டை முடி என்று அவருடைய அடிமை ஒருவருக்குக் கனவு வந்ததாம். அப்படியே செய்தார், அணை நின்றது. அடிமையாக இருந்தவர் நுழையும்படி அங்கே நான் கேட்ட ஒரே கதை இது, அதிலும் அவருக்குப் பெயர் இல்லை. அந்த முற்றத்தில் அப்படிப்பட்டவர்களின் பெயர் தாங்கிய கல் எதையும் நான் பார்க்கவில்லை. அவர்களில் யாரும் பேயாகக்கூட வருவதில்லை. பணம் இருந்தவர்களுக்குக் கல் கிடைத்தது, ஹெஸ்ஸியனுக்கும் ஹல்டாவுக்கும் கதை கிடைத்தது, இவர்களுக்கு இரண்டும் இல்லை.

அதனால் மேனரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அதற்குக் கட்டணம் உண்டு, வருடம் முழுக்கத் திறந்திருக்காது, நாளைச் சரிபார்த்துக்கொண்டு போங்கள். கல்லறை முற்றம் இலவசம் என்பதால் பலர் அதோடு முடித்துவிடுகிறார்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

ஃபிலிப்ஸின் மகன் அடால்ஃப் இறந்ததும் 1750-இல் சொத்துக் கணக்கு எடுத்தார்கள். மாடு, பாத்திரம், கட்டில் இவற்றோடு 23 மனிதர்கள். ஆலையை ஓட்டியவர் சீசர் என்ற அடிமை. அவர் காலத்தில் இங்கிருந்து நியூயார்க் சந்தைக்குப் போன மாவு அவர் கையில் அரைபட்டது. அங்கே வேலை செய்யும் பெண் சக்கரத்தைச் சுற்றவிட்டு, கல்லிலிருந்து வழியும் மாவை எங்கள் உள்ளங்கையில் போட்டாள். அம்மா அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "கொஞ்சம் கொறகொறன்னு இருக்கு, ஆனா நல்லா விழுது" என்றாள். மகள் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது மணி மூன்று. அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி சாலையைத் தாண்டி முற்றத்துக்குப் போனாள். கல் இல்லாத ஒரு புல்வெளி ஓரத்தில் பாட்டிலைச் சாய்த்து மெதுவாக ஊற்றினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழையுமுன் எல்லாரும் கால் கழுவ வேண்டும் என்று காரிலேயே சொல்லிவிட்டாள். பாலத்தில் ஏறும்போது வண்டிகள் நெருக்கி நின்றன, ஆறு பொன்னிறமாக இருந்தது. அம்மா திடீரென்று பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மாவரைச்சவன் பேரு என்ன சொன்ன?"

"சீசர், ஆச்சி."

"மத்தவங்க பேரும் இருக்கா?"

மகள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். எழுதிவந்த பெயர்களை ஒவ்வொன்றாக, ஆச்சிக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அம்மா ஒவ்வொரு பெயரையும் தன் நாக்குக்கு வந்தபடி திருப்பிச் சொன்னாள். பாலம் முடிந்து நெடுஞ்சாலை வந்தபோதும் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.